ஒட்டாவாவில் இருக்கும் பையனுக்குக் குளிர்கால டயர் வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். பையன் கனடாவில், ஒட்டாவாவில் வேலை பார்க்கிறான். மூன்று வருடம் ஓடிய டொயோட்டா கொரோலா கார் ஒன்று வாங்கியிருக்கிறான். டயர் நன்றாகவே இருக்கிறது, பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் தேயாமல் இருக்கிறதாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்காலத்துக்கு என்று தனியாக நான்கு டயர் போடச் சொல்கிறார்கள். டயரை மாட்டும் டிஸ்க்கோடு (ரிம்) சேர்த்து 1,200 டாலர். நம் காசுக்கு எழுபதாயிரத்துக்கு மேல். நான் மாங்கூழ் லோடு ஏற்றிக்கொண்டு ஜம்மு, ஸ்ரீநகர் வரை போனவன், திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வந்தவன். பனியில் சங்கிலி கட்டிக்கொண்டு இங்கிருந்து போன டயரில்தான் ஓட்டினோம். கடைக்காரன் பையன் தலையில் கட்டப் பார்க்கிறானா, இல்லை உண்மையிலேயே வேண்டுமா?

பதில்:

வாங்கச் சொல்லுங்கள் அண்ணா. ஒட்டாவா என்றால் யோசிக்கவே வேண்டாம். நான்கு டயரும் வாங்கட்டும், இரும்பு டிஸ்க்கோடு சேர்த்து, அக்டோபர் முடிவதற்குள். 1,200 டாலர் என்பதும் அநியாய விலை இல்லை. இதே பையன் வான்கூவர் நகரத்துக்குள் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

தர்மபுரியில் டயர் கடை போடுவதற்கு முன் சில வருடம் மான்ட்ரியலில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தவன் நான். அதனால் இரண்டு ஊர் டயரும் கைக்குப் பழக்கம். லாரி வைத்திருந்தவரிடம் "போட்டால் நல்லது" என்று ஒரு வரியில் முடித்தால் மனசு ஒப்பாது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்னோவை ஒரு பக்கம் வையுங்கள். குளிரை மட்டும் பார்ப்போம். டயர் ரப்பர் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன், சிலிக்கா, எண்ணெய் எல்லாம் எந்த அளவில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து, எத்தனை டிகிரியில் அது விறைக்கும் என்பது மாறும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக நிற்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டும் எண்ணெய்தான். டயரிலும் அதே கதை. நம் ஊருக்குச் செய்யும் டயர், சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போதும் உருகித் தேயாமல் இருக்க வேண்டும் என்று கலக்கிய ரப்பர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அது இறுகிக்கொண்டே வரும். சாலையில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்வதுதான் டயரின் பிடிமானம். ரப்பர் இறுகினால் அந்தப் பிடி போய்விடும். சாலை காய்ந்து கிடந்தாலும் போய்விடும்.

குளிர்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்து, மைனஸ் 20, 30-லும் மெத்தென்று இருக்கும்படி கலவை போடுகிறார்கள். உங்கள் பையன் காரில் இருப்பது 'ஆல் சீசன்' டயராக இருக்கும், அங்கே பெரும்பாலும் அதைப் போட்டுத்தான் கார் விற்கிறார்கள். எல்லாப் பருவமும் என்று எழுதியிருந்தாலும் அதன் கலவை நடுவாந்தரம்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆண்டு முழுக்க ஓட்டலாம். ஒட்டாவாவில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 10 டிகிரி பக்கம். இரவில் மைனஸ் 20-ஐத் தாண்டுவது அங்கே யாரும் பேசிக்கொள்ளும் செய்தி இல்லை. நவம்பரில் இருந்து ஏப்ரல் பாதி வரை பெரும்பாலான காலை நேரங்கள் 7 டிகிரிக்குக் கீழேதான். ஆண்டுக்கு விழும் ஸ்னோவைக் கூட்டினால் இரண்டு மீட்டரைத் தாண்டும். அந்த டயரின் பட்டன் பாதி இருக்கிறதா முக்கால் இருக்கிறதா என்பது இரண்டாவது விஷயம். ரப்பரே அந்த ஊருக்கானது இல்லை.

அடுத்து பட்டன். குளிர்கால டயர் ஒன்றைக் கீழே உருட்டி வைத்துக் கிட்டத்தில் பார்த்தால், ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல வளைந்து வளைந்து மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒரு டயரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் கட்டை அசைந்து கொடுக்கும், அந்தக் கீறல்கள் வாய் திறக்கும். நம் ஊர் லாரி டயரில் விரலால் அழுத்தினால் விரல்தான் வலிக்கும். உருளும்போது அந்த வெட்டுகள் திறந்து திறந்து மூடுகின்றன, ஒவ்வொரு விளிம்பும் பனியைக் கடிக்கிறது. ஐஸ் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தையும் அவை உறிஞ்சி விலக்கும். அகலமான பள்ளங்களில் ஸ்னோ அடைந்துகொள்ளும். அது நல்லதுதான், ஸ்னோவோடு ஸ்னோ நன்றாக ஒட்டும்.

ஐஸ் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வழுக்கும் என்று நாம் நினைப்போம். நிலைமை தலைகீழ். மைனஸ் 20-ல் ஐஸ் ஓரளவு சொரசொரப்பாகவே இருக்கும். பூஜ்யத்துக்கு அருகில், மேலே ஈரம் கசியும்போதுதான் மகா மோசம். அதிலும் சிக்னல் கோட்டுக்கு முன்னால் இருக்கும் இடம். ஒவ்வொரு வண்டியும் அங்கே வந்து நிற்கும், சக்கரத்தைச் சுற்றிக் கிளம்பும், மறுபடி அடுத்த வண்டி. நூறு வண்டி போனபின் அந்த இடம் மட்டும் மொசைக் தரையைப் பாலிஷ் போட்ட மாதிரி ஆகிவிடும். மற்ற இடத்தில் சாலை கருப்பாகக் காய்ந்து கிடக்கும், நாம் நிற்க வேண்டிய அந்த இருபது முப்பது அடி மட்டும் கண்ணாடி. பகலில் உருகியது இரவில் உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஐஸும் உண்டு, பாலங்களின் மேல் குறிப்பாக.

இப்போது ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பிறகு எத்தனை மீட்டர் ஓடி நிற்கும்? காய்ந்த தாரில் உராய்வு எண், அதாவது பிடிமானத்தின் அளவு, 0.8 என்று வைத்தால் சுமார் 12 மீட்டர். இறுகிய ஸ்னோவில் 0.3 கிடைத்தால் 33 மீட்டர். அதே இடத்தில் டயர் சரியில்லாமல் 0.2 தான் கிடைக்கிறது என்றால் 49 மீட்டர். வழவழ ஐஸில் 0.1 என்றால் கிட்டத்தட்ட 100 மீட்டர். இந்த எண்கள் நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறும், நான் உதாரணத்துக்குத்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் 0.3-க்கும் 0.2-க்கும் இருக்கும் அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனியுங்கள். நல்ல டயர் போட்ட கார் 33-ஆவது மீட்டரில் நின்றுவிட்டது. அதே 33-ஆவது மீட்டரில் மற்ற கார் இன்னும் சுமார் 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் நடந்து கடப்பவர் இருந்தால் அந்த 29 கி.மீ. என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் காஷ்மீர் அனுபவத்துக்கு வருகிறேன். அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் 44-ஆம் எண் சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் ஸ்ரீநகர்தான். இந்தப் பக்கத்து டிரைவர்கள் அங்கே சங்கிலி கட்டி ஓட்டியதும் உண்மை. ஆனால் அங்கே நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்னோ கனமாக விழுந்தால் பனிஹால் பக்கம் ரோட்டையே மூடிவிடுவார்கள். உதம்பூரிலோ காசிகுண்டிலோ லாரிகள் வரிசையாக நிற்கும். ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, ஜவஹர் சுரங்கம் திறந்தாயிற்று என்று தகவல் வந்த பிறகு கிளம்புவீர்கள். கிளம்பினாலும் ஊர்ந்துதான் போவீர்கள். சங்கிலி கட்டிய வண்டியை 50 கி.மீ.-க்கு மேல் ஓட்டவும் முடியாது, தார் தெரியும் இடம் வந்தால் இறங்கிக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயரும் போகும் சங்கிலியும் போகும். நிற்கும் வசதி இருந்தவரைதான் அந்த முறை செல்லும்.

ஒட்டாவாவில் ரோட்டை மூட மாட்டார்கள். ராத்திரி முழுக்க வண்டி விட்டு ஸ்னோவைத் தள்ளி, உப்புப் போட்டு, காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பையன் எட்டு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் எல்லோரும் போவார்கள், அவன் மட்டும் ஊர்ந்தால் பின்னால் வருபவன் மோதுவான். வழியில் கொஞ்சம் தார், கொஞ்சம் ஸ்னோ, கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் உப்புச் சேறு என்று கலந்து கட்டி வரும். இதற்குச் சங்கிலி உதவாது. உப்பும் மைனஸ் 10-க்குக் கீழே மந்தமாகிவிடும், போட்டும் பெரிய பலன் இருக்காது. அப்போது தரையோடு பேசிக்கொண்டிருப்பது டயர் மட்டும்தான்.

பையனிடம் யாராவது "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கியிருந்தால் இந்தச் செலவே இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அங்கே இது பெரிய மூட நம்பிக்கை. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்பும்போது வழுக்காமல் கிளம்பலாம், மேடு ஏறலாம். நிற்பதற்கும் திரும்புவதற்கும் அதனால் ஒரு பைசா பலன் இல்லை. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சொல்லப்போனால் சுலபமாகக் கிளம்பிவிடுவதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று நம்பி வேகம் பிடித்து, பிறகு பள்ளத்தில் கிடப்பவர்களில் அந்த வண்டிக்காரர்கள் நிறைய. ஏபிஎஸ் இருக்கிறதே என்பதும் அப்படித்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஸ்டீயரிங் கட்டுப்பாடு போகாமல் அது பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

செலவைக் குறைக்கிறேன் என்று இரண்டு டயர் மட்டும் வாங்கப் போகிறானா என்று கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஊர்ப் பழக்கம் அப்படி. லாரியில் ஸ்டீயரிங் அச்சுக்குப் புது டயர், பின்னால் ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியது. அது லாரிக்குச் சரி. கொரோலா முன் சக்கரம் இழுக்கும் வண்டி, அதனால் முன்னால் இரண்டு போட்டால் போதும் என்று தோன்றும். போட்டால் முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். நான்கும் பழைய டயராக இருந்தால்கூட அவ்வளவு ஆபத்து இல்லை. நான் வேலை பார்த்த கடையில் இரண்டு மட்டும் கேட்டு வருபவர்களை முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி காசு. இதில்தான் நம் ஆட்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 1,200 டாலரை முழுக்கக் கூடுதல் செலவாகப் பார்க்க வேண்டாம். குளிர்கால டயர் ஓடும் ஐந்து மாதமும் மற்ற டயர் கேரேஜில் தூங்குகிறது, தேய்வதே இல்லை. நான்கு வருடம் வர வேண்டிய டயர் ஆறு, ஏழு வருடம் வரும். கி.மீ. கணக்கில் பார்த்தால் மொத்தமாகத் தேயும் ரப்பர் ஏறக்குறைய அதேதான், வாங்குவதை முன்கூட்டியே வாங்குகிறோம், அவ்வளவுதான். உண்மையான கூடுதல் செலவு என்பது டிஸ்க்கும், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும்.

அந்த டிஸ்க்கை விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே டிஸ்க்கில் டயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் பேலன்சிங்கோடு சேர்த்து 100 டாலர் பக்கம் ஆகும், டயரின் விளிம்பும் கெடும். தனி டிஸ்க் இருந்தால் வெறுமனே சக்கரத்தை மாற்றும் வேலை, பாதிச் செலவு. ஜாக்கியும் ஸ்பானரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், லாரிக்காரர் பையனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன. மூன்று, நான்கு வருடத்தில் டிஸ்க் காசு திரும்பிவிடும். இன்னொன்று, ரோட்டில் கொட்டும் உப்பு அலாய் டிஸ்க்கை அரித்துவிடும். இரும்பு டிஸ்க் துருப்பிடித்தால் பிடிக்கட்டும், அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

காரில் இப்போது இருக்கும் டயரின் அளவு 205/55 ஆர் 16 என்றால், 195/65 ஆர் 15 பொருந்துமா என்று கேட்கச் சொல்லுங்கள். வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கொரோலாவில் பல வருட மாடல்களுக்குக் கம்பெனியே அந்த அளவில் கொடுத்திருக்கிறது. டயரும் டிஸ்க்கும் இரண்டுமே மலிவு. ஸ்னோவுக்கு ஒல்லி டயர் நல்லது, அகல டயர் மேலே மிதக்கும், ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். ரோட்டுக் குழியில் அடிபட்டாலும் உயரமான பக்கச் சுவர் தாங்கிக்கொள்ளும்.

இன்சூரன்ஸும் பார்க்க வேண்டும். ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய தொகை இல்லை, சில சதவீதம்தான், ஆனால் அங்கே புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பிரீமியம் கழுத்தை நெரிக்கும் என்பதால் சில சதவீதமே கண்ணுக்குத் தெரியும் காசு. கேட்டால்தான் தருவார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஒரே ஒரு முறை சறுக்கி முன்னால் நிற்கும் வண்டியில் இடித்தால், கையில் இருந்து கட்ட வேண்டிய முதல் 500 அல்லது 1,000 டாலரும், அடுத்த சில வருடங்களுக்கு ஏறும் பிரீமியமும் சேர்த்து இந்த டயர் செலவை விழுங்கிவிடும்.

சட்டப்படி ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டினோ நகரம் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தது, அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், மீறினால் 200 டாலருக்குக் குறையாமல் அபராதம். பாலத்தின் இந்த முனையில் ஒரு சட்டம், அந்த முனையில் ஒரு சட்டம், ஸ்னோ மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழுகிறது. பையன் பிறகு வீட்டு வாடகை குறைவு என்று கட்டினோவுக்குக் குடிபோய் வண்டியை அங்கே பதிவு செய்தால் அப்போது கட்டாயமாகிவிடும்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது? பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். இறுகிய ஸ்னோவில் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுக்கிறது என்று தேறியவற்றுக்கே அந்த முத்திரை. வெறுமனே எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் ஸ்னோவும்) என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அது பட்டனின் வடிவத்தைப் பார்த்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது, சோதனை எதுவும் கிடையாது. மலை முத்திரையும் ஐஸில் பிரேக் பிடிப்பதைச் சோதிப்பதில்லை. அதனால் முத்திரையோடு சேர்த்து, முழுக் குளிர்கால டயரா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏனென்றால் இப்போது 'ஆல் வெதர்' என்று ஒரு ரகம் வருகிறது. ஆல் சீசன் வேறு, இது வேறு. இதில் மலை முத்திரை இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். டயர் வைக்க இடமில்லாத அடுக்குமாடியில் இருப்பவர், பஸ்ஸிலோ ரயிலிலோ வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர், டொரன்டோ நகரத்துக்குள் இருப்பவர், இவர்களுக்கு அது தாராளமாகப் போதும். ஐஸில் அசல் குளிர்கால டயர் அளவுக்குப் பிடிக்காது. ஒட்டாவாவில் தினமும் காலை இருட்டில் ஓட்டிக்கொண்டு போகும் ஆளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிராண்டைப் பற்றிப் பலர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். குளிர்கால டயர் என்பதையே முதலில் செய்தது பின்லாந்துக்காரர்கள், இன்றைக்கு நோக்கியன் என்று அழைக்கப்படும் கம்பெனி, 1934-ல். அதுவும் காருக்கு இல்லை, லாரிக்கு! ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 1988-ல் பிளிசாக் என்ற குளிர்கால டயரைக் கொண்டுவந்தது. அங்கே ஆணி பதித்த டயர்கள் ரோட்டைச் சுரண்டித் தூசி கிளப்பியதால் 1990-ல் சட்டம் போட்டு அவற்றை ஒழித்தார்கள், ஆணி இல்லாமல் ஐஸில் பிடிக்கும் ரப்பருக்கு அதனால் மவுசு வந்தது. நம் அப்போலோ கம்பெனி 2009-ல் வாங்கிய நெதர்லாந்தின் விரெடெஸ்டைனும் நல்ல குளிர்கால டயர் செய்கிறது. இதில் எதுவாக இருந்தாலும் சரி, நடுத்தர விலையில் எடுத்தாலும் சரி. மிக மலிவான டயருக்கும் நடுத்தர டயருக்கும் ஐஸில் வித்தியாசம் தெரியும், நடுத்தரத்துக்கும் உச்ச விலைக்கும் அவ்வளவு தெரியாது. ஆணி பதித்த டயரை யாராவது சொன்னால் விட்டுவிடட்டும், ஒன்டாரியோவில் வட பகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி, ஒட்டாவா அதில் வராது.

பழைய செட் வாங்கலாமா? வாங்கலாம், காரை விற்றவர்கள் டிஸ்க்கோடு மலிவாகத் தருவார்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள், 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டியதை நான் தொட மாட்டேன், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஆழம் 4 மி.மீ.-க்கு மேல் நன்றாக இருக்க வேண்டும். சட்டம் ஒன்றரை மி.மீ. பக்கம் வரை விட்டாலும், 4-க்குக் கீழே இறங்கிய குளிர்கால டயர் ஸ்னோவில் வெறும் டயர்தான். புதிதில் 8, 9 மி.மீ. இருக்கும், அதனால் மேல்பாதிதான் நமக்குப் பயன். சாதாரண ஓட்டத்துக்கு நான்கைந்து குளிர்காலம் வரும்.

மற்ற ஊர்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் கம்பெனிகளில் இருந்து ஜெர்மனி போகிறவர்கள் நிறைய. அங்கே தேதிக் கணக்கு இல்லை, ரோட்டில் ஸ்னோவோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் இருந்தாக வேண்டும், 2024 அக்டோபர் முதல் மலை முத்திரை உள்ளது மட்டும்தான் செல்லும், இல்லாவிட்டால் 60 யூரோ அபராதமும் லைசென்ஸ் கணக்கில் ஒரு குற்றப் புள்ளியும். சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, ரோட்டில் குளிர்கால நிலைமை இருந்தால் கட்டாயம். இங்கிலாந்தில் சட்டம் எதுவும் இல்லை, லண்டனில் இருப்பவருக்குத் தேவையும் இல்லை. வான்கூவர் நகரத்துக்குள் மட்டும் ஓட்டினால் ஆல் வெதர் போதும், ஆனால் மலைப்பக்கம் போகும் நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கேட்பார்கள்.

இந்தக் கேள்வியோடு சேர்ந்து வரும் இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி பையன்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தக் காரில் ஜனவரியில் மணாலி, லடாக் என்று கிளம்புவார்கள், கடைக்கு வந்து ஸ்னோ டயர் வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்றுதான் சொல்வேன். இங்கிருந்து மணாலி 2,500 கி.மீ.-க்கு மேல். அதில் ஸ்னோ இருப்பது கடைசிக் கொஞ்ச தூரம். மீதி முழுக்க ஐதராபாத், நாக்பூர் என்று வெயில் ரோடு. அந்த மெத்தென்ற ரப்பரை அதில் 100 கி.மீ. வேகத்தில் தேய்த்தால் போய்ச் சேர்வதற்குள் பாதி காணாமல் போகும், காய்ந்த சூடான தாரில் பிரேக் பிடிப்பதும் மோசம். காரைக் குலுவிலேயே விட்டுவிட்டு, சங்கிலி கட்டத் தெரிந்த உள்ளூர் டிரைவரின் வண்டியை வாடகைக்கு எடுங்கள். டீசல் வண்டியாக இருந்தால் இன்னொரு தலைவலி, நம் ஊரில் நிரப்பிய டீசல் அந்தக் குளிரில் மெழுகாகிக் குழாயை அடைக்கும். லடாக்கில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

பையன் வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை. செப்டம்பர் கடைசியிலேயே கடையில் நேரம் வாங்கி வைக்கட்டும். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் போனால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அவன் அளவு தீர்ந்தும் போயிருக்கும். காற்றை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் நிரப்பியது மைனஸ் 20-ல் ஆறு, ஏழு பிஎஸ்ஐ இறங்கியிருக்கும், பஞ்சர் இல்லை, குளிர்தான். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று ஒரு கண் பார்க்கட்டும். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை டார்க் ஸ்பானர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுவது) வைத்து இறுக்கச் சொல்லுங்கள், இரும்பு டிஸ்க் புதிதில் கொஞ்சம் அமுங்கும். ஏப்ரல் பாதியில், காலை வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்க ஆரம்பித்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது எந்த டயர் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வைத்தால், அடுத்த அக்டோபரில் முன்னது பின்னாக மாற்றிப் போடச் சௌகரியம்.